பச்சை மையில் மூன்று குறைகள்

கூட்ட அறையில், சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் கிடங்கு மேலாளர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து இயக்குநருக்குப் படித்துக் காட்டுகிறார். வெயில் ஊடுருவும் அந்தத் தாளில், எதிரே இருக்கும் திட்ட மேலாளருக்குத் தன் பச்சை மைக் கையெழுத்தே இடவலம் மாறித் தெரிகிறது. தன் புதுத் திட்டத்தின் மூன்று குறைகளையும், சரிசெய்ய உதவுவார் என்று நம்பி, கிடங்கு மேலாளருக்கு மட்டும் அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆறு மாதமாக அவரோடு குடித்த அளவு தேநீரைக் கூடப்பிறந்த அண்ணனோடுகூட அவள் குடித்ததில்லை. "பலே! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்கிறார் இயக்குநர். "ராப்பகலா மண்டையை உடைச்சுக்கிட்டேன் சார்" என்கிறார் கிடங்கு மேலாளர். கையெழுத்துக்கு வந்த, அந்தத் திட்டத்தின் அனுமதிக் கோப்பை இயக்குநர் மூடி ஓரமாகத் தள்ளுகிறார். "தப்பா எடுத்துக்காதே தங்கச்சி" என்று அவளிடம் சொல்லும்போதே கிடங்கு மேலாளருக்கு இருமல் வருகிறது. பழகிப்போன அவள் கை, அவளைக் கேட்காமலே, தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்துகிறது.