பக்கத்து ரூம் டாக்டர்

“இந்த ஆபரேஷனை நான் பண்ணப் போறதில்லை. பக்கத்து ரூம்ல சின்ன டாக்டர் இருக்காங்க. அவங்களைப் பாருங்க.”

பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மகளுக்கு ஆறு வயது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் தொடக்கத்திலேயே அடைத்துக்கொண்டு, நீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கியிருந்தது.

“உங்க பேரைக் கேட்டுத்தானே சார் இவ்வளவு தூரம் வந்தோம்?” என்றார் அப்பா.

“அவங்களைப் பாருங்க.” அவ்வளவுதான். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் அப்பா பொருமினார். “கைகழுவிட்டார் பார்த்தியா? பெரிய இடத்துப் பிள்ளையா இருந்தா இப்படித் தள்ளிவிடுவாரா?”

“மெதுவாப் பேசுங்க” என்றாள் அம்மா. பக்கத்து ரூமுக்குள் நுழைந்ததும் அவளும் தயங்கினாள். சின்ன டாக்டரைப் பார்த்தால் காலேஜ் படிக்கிற பெண் மாதிரி இருந்தார்.

“நீளமா வெட்ட வேண்டாம். வயித்துல சின்னச் சின்னதா துளை போட்டு, ஒண்ணு வழியா காமிராவை விடுவோம். திரையில பார்த்துக்கிட்டே அடைச்ச இடத்தை எடுத்துட்டு, குழாயைச் சேர்த்துத் தைச்சிடலாம்” என்று விளக்கினார் சின்ன டாக்டர்.

“என் வயித்துக்குள்ள டிவியா? நானும் பார்ப்பேன்!” என்றாள் மகள்.

“நீதான் தூங்கிடுவியே!”

மகள் சிரித்தாள். அதைப் பார்த்துத்தான் அம்மா சரியென்று தலையாட்டினாள்.

ஆபரேஷன் நடந்த நேரம் முழுக்க, தியேட்டர் வாசலில் அப்பா பெரிய டாக்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் மகள் வார்டு முழுக்க வளைய வந்தாள். பிளாஸ்திரியை எடுத்துப் பார்த்தால், வயிற்றில் கொசு கடித்த மாதிரி சில புள்ளிகள்.

“எங்கேடி வெட்டினாங்க? தேட வேண்டியிருக்கு!” என்றாள் அம்மா.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன டாக்டரைப் பார்த்துக் கைகூப்பினார்.

“நீங்க நல்லா இருக்கணும் டாக்டர். அந்தப் பெரியவருக்கு ஊரெல்லாம் பேரு. குழந்தையை ஒரு தடவை எட்டிப் பார்த்தாரா?”

சின்ன டாக்டர் சிரித்துவிட்டார்.

“அவர் தியேட்டருக்குள்ளயேதான் சார் இருந்தார். கடைசித் தையல் வரைக்கும் காமிராவைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவர்தான். அந்தக் கை துளி ஆடினாலும் எனக்குத் திரையில எல்லாமே ஆடிடும்.”

அம்மா கேட்டாள்:

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“நானும் கேட்டேம்மா. ‘நான் இருந்தேன்னு தெரிஞ்சா, நன்றியை என்கிட்ட வந்து சொல்லிடுவாங்க. அது உனக்கு வரவேண்டியது’ன்னுட்டார்.”