நிஜக் கல்யாணத்துக்கு அத்தாட்சி

கனடாவில் இருக்கும் கணவன் அனிலிடம் போகச் சித்தூர் லீனா விண்ணப்பித்து இருபத்திரண்டு மாதம். இப்போது வந்திருப்பது விசா இல்லை. ‘இது நிஜக் கல்யாணம்தானா, அத்தாட்சி அனுப்பவும்’ என்று ஒரு கடிதம்.

“போட்டோ எல்லாத்துலயும் உங்க ரெண்டு பேருக்கு நடுவுல பாஸ்டர் நிக்கிறாரு. சந்தேகம் வராதா?” என்றார் திருப்பதி ஏஜென்ட் சாய்குமார். “இது தள்ளுபடி ஆனா மறுபடியும் ரெண்டு வருஷம் காத்திருக்கணும்மா. கொஞ்சுற மாதிரி நாலு மெசேஜ் நானே எழுதித் தரேன்.”

“எங்க கல்யாணத்துக்கு நீங்க எதுக்கு சார் எழுதணும்? எங்க மெசேஜே போதும்.”

இருவரும் அனுப்பிக்கொண்ட மெசேஜ்களை அறுபது பக்கங்களாக அச்செடுத்து அவளே அனுப்பினாள். அடுத்த மாதமே விசா வந்தது.

சாய்குமாருக்கு ஆவல் தாங்கவில்லை. “அப்படி என்னம்மா கொஞ்சிக்கினீங்க?”

“அத்தனையும் சண்டை சார்! கொஞ்சறத நீங்ககூட எழுதிடலாம். ‘உங்கம்மா இருக்காங்களே’ன்னு ஆரம்பிச்சு மூணு மணி நேரம் சண்டை போடணும்னா, கட்டினவன்கிட்டதான் முடியும்!”