ஒரே வயரில் இரண்டு பேட்டரி

இறாலை உரித்துக்கொண்டே சொல்கிறேன். ஒரு படகில் கனத்த பழைய பேட்டரியும் புது லித்தியம் பேட்டரியும் ஒரே வயரில் சோலார் தகட்டோடு இணைந்திருந்தன.

தகடு ஊற்றிய கரன்ட்டைப் புதுசு மடமடவென்று குடித்துவிட்டு, “போதும்க்கா!” என்று கத்தியது. தகடு ஊற்றுவதை நிறுத்தியது.

“எனக்கு அரை வயிறுகூட நிறையலையே!” என்றது பழசு. “நான் மெதுவாத்தானே குடிப்பேன். இன்ஜினைக் கிளப்புறதும் நான்தானே?”

“அவன் போதும்னான், உங்களுக்கும் போதும்னு நினைச்சுட்டேனே!” என்றது தகடு.

அன்று இன்ஜின் கிளம்பவே இல்லை. கடலுக்குப் போக முடியாத படகுக்கார சூசை, மறுநாள் இரண்டுக்கும் தனித்தனி வயரும், கரன்ட்டை அளந்து ஊற்றும் கன்ட்ரோலரும் மாட்டினார்.

“இன்னுமா குடிக்கிறீங்க, பெரியப்பா?” என்று புதுசு கிண்டலடித்தது.

“நீ தூங்குடா” என்ற பழசு, சாயங்காலம் வரை நிதானமாகக் குடித்து ஏப்பம் விட்டது. சூசை சாவியைத் திருப்பினார். இன்ஜின் ஒரே உதறலில் படபடவென்று— இதோ வர்றேன் அத்தே, இறால் உரிச்சாச்சு!