தகரத்தில் இருப்பது

பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது. அந்த மின்னல் வீச்சில், ஷெட்டில் நின்ற புதுக் காரின் கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அழிந்துபோனது. ஓடி வந்த மாசிலாமணி சாவியை அழுத்தி அழுத்திப் பார்த்தார். கதவு திறக்கவில்லை.

"யாருண்ணே இவர்?" என்று கார் பக்கத்தில் நின்ற பழைய ஜீப்பைக் கேட்டது.

"நம்ம மாசிலாமணிடா! வண்டி பழகின அன்னிக்கு என்னை வாசல் கேட்டுல இடிச்சார், இதோ நசுங்கல். கூரையில பள்ளம், அவர் கல்யாணத்துக்கு வாழைமரம் ஏத்தினது. மழையில நின்னா இன்னிக்கும் அதுல தண்ணி தேங்கும். இந்தக் கீறல், அவர் மக சைக்கிள் பழகினப்போ விழுந்தது. எனக்குக் கம்ப்யூட்டர் ஏது? எல்லாம் தகரத்துலதான் இருக்கு."

கார் தன் உடம்பில் அப்படி ஒரு தடத்தைத் தேடிப் பார்த்தது. விழுந்த கீறலையெல்லாம் அன்றன்றே பாலிஷ் போட்டு மறைத்திருந்தார்கள்.

"அண்ணே, என்னை அவர் ஓட்டியிருக்காரா?"