பெண்கள் பக்கத்துக் குழல்

பதியுதீன் மௌலவி பேசத் தொடங்கியதும் ஒலிபெருக்கி மறுபடியும் ஊளையிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பள்ளிவாசல் முற்றத்து வேம்பில் இருந்த காகங்கள்கூடப் பொறுக்க மாட்டாமல் கடற்கரைப் பக்கம் பறந்துபோயின.

எல்லோர் கண்ணும், மேடைக்குப் பின்னால் அம்பிளிபயர் பெட்டியோடு குந்தியிருந்த மசூரின் மேல் விழுந்தது. மருதமுனையில் மைக் செட் வைத்திருப்பவன் அவன் ஒருவன்தான். கந்தூரியோ கலியாணமோ, அவனுடைய செட் ஒருநாளும் இப்படி மானத்தை வாங்கியதில்லை.

இன்றைக்குப் பார்த்துக் கத்துகிறதே என்று ஊர் சந்தேகப்பட்டதிலும் நியாயம் இருந்தது. பெண் பிள்ளைகளின் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட ஊரின் சம்மதத்தைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம். மௌலவி பேசி முடித்ததும் எல்லோரையும் கை உயர்த்தச் சொல்வார்கள். உயர்த்தினால் பெண் பிள்ளைகளின் ஆறாம் வகுப்புக்குப் பூட்டு. அந்த வகுப்பில் முதல் வாங்குப் பலகையில் இருப்பவள் மசூரின் மகள் ஜுனைதா.

கூட்டத்தைக் கூட்டிய கச்சிமுகம்மது மரைக்காயர் மேடையைச் சுற்றிக்கொண்டு வந்தார். பள்ளிவாசல் நிருவாகம் முழுக்க அவர் கைக்குள். மௌலவியை வேலைக்கு வைத்தவரும் அவர்தான், இன்றைக்கு என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான்.

"மகளுக்காக வேண்டி செட்டப் பழுதாக்கிக் கொண்டந்திருக்காயா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

மசூருக்குச் சுள்ளென்றது. மகளைப் படிக்க வைக்கத்தான் போகிறான். அதை யார் முகத்துக்கு நேரேயும் சொல்வான். ஆனால் தொழிலில் கள்ளம் செய்தவன் என்ற பேரோடு அவனால் இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. பிழையைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை என்று இறங்கினான்.

சத்தத்தைக் குறைத்தான், ஒன்றும் கேட்கவில்லை என்று பின்வரிசை கூச்சல் போட்டது. மைக் வயரை நுனியிலிருந்து தடவிப் பார்த்தான், பற்றரி முனைகளைச் சுரண்டி இறுக்கினான். ஆண்கள் பக்கத்து ஒலிபெருக்கிக் குழலைக் கழற்றிவிட்டும் ஊளை நிற்கவில்லை. பெண்கள் பக்கத்துக் குழலைக் கழற்றினான், சட்டென்று அடங்கியது.

கைத்தறிச் சேலைகளால் கட்டிய மறைப்புக்குப் பின்னால், பெண்கள் கேட்பதற்காக வைத்த குழல் அது. அதன் வாய்க்கு நேரே மைக் வந்தால், குழலில் போகும் சத்தத்தையே மைக் திரும்ப விழுங்கும். விழுங்கியதைக் குழல் திரும்பக் கத்தும். மௌலவியோ பேச்சு சூடேறச் சூடேற, மைக் கம்பத்தையும் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கமாகவே நகர்ந்துகொண்டிருந்தார்.

பெண்களுக்குத்தான் இந்தப் பேச்சே, அந்தக் குழலை உடனே திரும்ப மாட்டு என்று மரைக்காயர் அதட்டினார். மசூர் மாட்டிவிட்டு மேடையேறி, கொஞ்சம் பின்னுக்கு நின்று பேசும்படி மௌலவியிடம் பணிவாகச் சொன்னான். மௌலவி அவனைச் சுட்டெரிப்பதுபோல் பார்த்தார்.

"பொம்புளையளுக்குச் சொல்ற பேச்சு இது. அவங்கட பக்கம் போகாம, கடலப் பார்த்தா கதைக்கிற?"

கூட்டம் தலையாட்டியது. மரைக்காயருக்குப் பெருமை தாங்கவில்லை. மௌலவிக்கு நிற்கிற இடம் சொல்லிக்கொடுக்க நீ யார் என்று கேட்டு மசூரைக் கீழே இறக்கிவிட்டார்.

இனிக் குழலின் வாயைத் திருப்புவது ஒன்றுதான் வழி. ஆனால் மறைப்புக்குள் ஆண்கள் காலடி வைக்க முடியாது. மசூர் சேலையோரமாகப் போய் மனைவி ஹப்ஸாவைக் கூப்பிட்டு, குழலை மதில் பக்கம் திருப்பிவிடச் சொன்னான். செட்டின் மானம் போகிறது என்றும் கெஞ்சிப் பார்த்தான்.



"திருப்ப மாட்டன்," என்றாள் ஹப்ஸா. "இஞ்ச இருக்கிற ஒருத்தியும் திருப்ப மாட்டாள்."

மேடையில் மௌலவி கம்பத்தோடு இன்னோர் எட்டு எடுத்து வைத்தார். குழல் வீரிட்டது. மசூருக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஒரு சேலைக்குப் பின்னால் இருந்துகொண்டு அவளுக்கு இருக்கிற துணிச்சல் தனக்கு இல்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. நேரே மரைக்காயரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"செட்டுல பிழையில்ல, மரைக்கார். எங்க பிழையெண்டு சொன்னன், நீங்க கேக்கல்ல. இனி நான் இதுல கை வைக்க மாட்டன். என்ட மகள் நாளைக்கும் பள்ளிக்கூடம் போவாள்."

இந்தப் பள்ளி வாசலில் இனி உன் செட் ஏறாது என்று மரைக்காயர் குதித்தார். ஏறாவிட்டால் போகட்டும் என்று மசூர் அசையாமல் நின்றான். அவர்கள் வாதாடியதும் யாருக்கும் கேட்கவில்லை, மௌலவி பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

கடைசியில் கை உயர்த்தச் சொன்னபோது எல்லாக் கையும் காதில் இருந்தது. ஒருவர் எழுந்தார், அவரைப் பார்த்து நாலு பேர் எழுந்தார்கள். முடிவு ஒன்றும் எடுக்காமலே கூட்டம் கலைந்தது. ஆறாம் வகுப்பு தப்பியது.

முற்றம் வெறிச்சோடியபின் மசூர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். மௌலவி தனியாக அவனை நோக்கி வந்தார். இவரும் ஏசினால் ஏசட்டும், இவருக்கும் பதில் இருக்கிறது என்று மசூர் நிமிர்ந்து நின்றான்.

மௌலவி ஏசவில்லை. மரைக்காயர் போய்விட்டாரா என்று வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு கிட்ட வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"குழல் பக்கம் இன்னும் ரெண்டு முழம் இழுத்திருப்பன் தம்பி, வயர் எட்டல்ல."