பொறி பிந்தினால்

“என் வண்டியை என்னண்ணே பண்ணித் தொலைச்சீங்க?”

பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவள் போட்ட சத்தத்தில், காருக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவளுக்கு இருந்த ஆத்திரத்துக்கு அது போதவில்லை. இன்னும் இரண்டு தடவை இடித்திருக்கலாம்.

பின்னே என்ன? இவர் சர்வீஸ் செய்து கொடுத்ததிலிருந்துதான் அந்தப் பழைய கார் பெட்ரோலைப் பச்சைத் தண்ணீராகக் குடிக்கிறது. இன்று காலை பாலத்து ஏற்றத்தில் இழுக்க மாட்டேன் என்று முனகியது. ஷிப்ட்டுக்குப் போகும் நர்சுகள் உள்ளே. இறங்கித் தள்ளாத குறை. எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்களே தவிர, அவள் முகத்தை ஒருத்தியும் பார்க்கவில்லை.

டிரைவரான கணவன் கால் முறிந்து வீட்டில் உட்கார்ந்ததும் சாவியைக் கையில் எடுத்தவள் அவள். அந்த நர்சுகள் அவளாகத் தேடிப் பிடித்த சவாரி.

“வண்டி உன் கைக்கு ஒத்து வரல. கட்டுப் பிரிச்சதும் சாவியைக் குடுத்துடு” என்கிறான் அவன், தினமும், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால். நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள்.

ஒத்து வரலையாம்! கிளட்ச்சுக்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்து மிதிக்கிறவளிடம் சொல்கிற சொல்லா இது?

மேசையை ஓங்கித் தட்டினாள். தட்டிய இடது கையில் மட்டும் கத்தரிப்பூ நிற நகப்பூச்சு, அதுவும் பாதி உரிந்து. வலது கைக்குப் பூசுவதற்குள் குப்பி காணாமல் போய்விட்டது. கட்டுப் போட்ட காலோடு கணவனும் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினான், பாவம். அந்தக் காலோடுதான் நொண்டி நொண்டி வந்து வண்டியையும் துடைத்து வைக்கிறான்.

மெக்கானிக்குக்கும் ரோஷம் வந்துவிட்டது. பானெட்டைத் திறந்தார். இன்ஜினை ஓடவிட்டு, பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்தார். விட்டு விட்டு மின்னிய வெளிச்சத்தில், இன்ஜினோடு சுழலும் சக்கரத்தின் வெள்ளைக் குறி தனக்குரிய இடத்தை விட்டு எங்கேயோ தள்ளி நின்றது.

பெட்ரோலைப் பற்றவைக்கிற பொறி பிந்தி வருகிறது என்றார். பிஸ்டன் இறங்கிப் போன பிறகு பெட்ரோல் எரிந்தால் தள்ளுவதற்கு என்ன இருக்கும்? பாதிச் சூடு புகைக்குழாய் வழியாகத்தான் போகும். மிதிக்க மிதிக்கப் பெட்ரோல் இறங்கும், வண்டி நகராது.

“இது தானா திரும்பாது தங்கச்சி. யாரோ பொறியைப் பிரிச்சு அனுப்புற இந்த டிஸ்ட்ரிபியூட்டரோட போல்ட்டைத் தளர்த்தித் திருப்பியிருக்காங்க. பழைய இடத்துக்கே திரும்பக் கொண்டு வர்றதுக்குக் கோடு வேற போட்டிருக்காங்க, பாரு.”

குனிந்து பார்த்தாள். கோட்டின் ஒரு பாதி டிஸ்ட்ரிபியூட்டரில், மறு பாதி இன்ஜினில். இரண்டும் விலகி நின்றன.

கத்தரிப்பூ நிறம்.

சட்டென்று இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். மறைத்த பிறகுதான் எரிச்சல் வந்தது. மறைக்க வேண்டியவள் அவளா?

கட்டுப் பிரித்த மறுநாள் அவன் கோட்டோடு கோடு சேர்த்து வைத்தால் போதும், வண்டி பறக்கும். ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ‘கைராசி வேணும்’ என்று மீசையைத் தடவியிருப்பான். அவளும் தலையாட்டியிருப்பாள்.

“மன்னிச்சிருங்கண்ணே,” என்றாள். “சரியா வெச்சு நல்லா இறுக்கிடுங்க.”

திரும்பும்போது அதே பாலத்தில் வண்டி மூன்றாம் கியரிலேயே ஏறியது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணவன், அவள் தெருமுனை திரும்பும்போதே இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டான். இத்தனை வருஷம் ஓட்டியவனுக்குத் தெரியாதா? ஊன்றுகோலைத் தேடி எழுந்து நின்றான்.

அவள் வண்டியைப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள். பூச்சில்லாத வலது கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“அந்தக் குப்பியக் குடுங்க. இந்தக் கை பாக்கியிருக்கு.”