சுவருக்கு அந்தப் பக்கம்

“நீங்க வாசிங்க. நான் அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் கேக்கறேன்” என்றார் அந்தப் பெண்.

அந்த ரூம் என்றது எங்கள் கடையின் சரக்கறையை. காலி அட்டைப் பெட்டிகளும் ஒரு கிழிந்த டிரம்மும் கிடக்கிற இடம்.

கிட்டாரைக் கண்ணாடி முன்னால் மாட்டி அழகு பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. சுவருக்குப் பின்னால் நின்று வாங்க வந்தவரை அன்றுதான் கண்டேன்.

பஸ் ஓட்டுகிறவர். சீருடையோடே வந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். எனக்கும் கால் கெஞ்சிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து, வாங்கவே போகாதவர்களுக்கு எடுத்துக் காட்டிக் காட்டி அலுத்துப்போயிருந்தேன்.

வீட்டுக்காரருக்காம். ஹெவி மெட்டல். அதிலும் இந்தக் காலத்து ரகம். அடிவயிற்றைக் கலக்குகிற மாதிரி கீழே கீழே இறங்கி வாசிப்பது. அதற்கு ஆறு கம்பி போதாது. அதற்கும் கீழே ஒரு தடித்த கம்பி சேர்த்தால் ஏழு, இன்னொன்றும் சேர்த்தால் எட்டு.

பொதுவாக மனைவிமார் எங்கள் கடைக்கு வாங்க வருவதில்லை. வாங்க வந்தவரை இழுத்துக்கொண்டு போகத்தான் வருவார்கள்.

“பழைய கிட்டார் என்னாச்சு மேடம்?”

“எதிர்வீட்டுப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்துட்டார்.”

“தாராள மனசு” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“தூங்கி ரொம்ப நாளாச்சுங்க. நேத்து சிக்னல்ல வண்டியை நிறுத்தினவ அப்படியே கண்ணசந்துட்டேன். பின்னாடி பஸ் நிறைய ஆளுங்க. இனிமே நான் தூங்கறது உங்க கையிலதான் இருக்கு.”

விஷயம் புரிந்துவிட்டது. மனுஷன் நேரம் காலம் தெரியாமல் வாசித்துத் தள்ளுகிறார், இவர் பக்கத்து அறையில் புரண்டு புரண்டு படுக்கிறார். பாவம்தான். வெளியே சத்தம் வராமல் வாசிக்க நல்ல ஹெட்ஃபோன் ஒன்றை எடுத்து, கிட்டார் உறையின் முன்பையில் இலவசமாகவே போட்டு வைத்தேன்.

முதலில் ஏழு கம்பி. ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் சத்தத்தைக் குறைத்து, பூனை நடக்கிற மாதிரி வாசித்தேன்.

கதவு திறந்தது. “கேக்கலை.”

“பாத்தீங்களா!” என்றேன் பெருமையாக.

“வேற எடுங்க.”

இதென்னடா வம்பு என்று நினைத்துக்கொண்டேன். விலை குறைந்த எட்டுக் கம்பி ஒன்றை எடுத்தேன். அதற்குக் கழுத்து குட்டை. தடித்த கம்பி விறைப்பாக நிற்காது. இந்தத் தடவை பெட்டியின் சத்தத்தை அவரே வந்து கூட்டி வைத்துவிட்டுப் போனார். வீட்டில் அந்த அளவுக்குத்தான் இருக்குமாம்.

திரும்பி வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். “கொழகொழன்னு இருக்குங்க. வாசிக்கிறாரா, கட்டிலை நகர்த்துறாரான்னே தெரியலை.”

வாசிக்காத ஒருத்தருக்கு இவ்வளவு நுணுக்கமா! எரிச்சலோடு நீளக் கழுத்துக்காரனை இறக்கினேன். கடையில் இருப்பதிலேயே முரடு. எட்டாவது கம்பி நன்றாக இழுத்துக் கட்டியிருக்கும். அதை ஒரு தட்டுத் தட்டினாலே மேசை மேல் இருக்கிற சில்லறை நடுங்கும். இதைக் கேட்டால் தலைதெறிக்க ஓடிவிடுவார், நாமும் கடையைச் சாத்தலாம் என்றுதான் எடுத்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டார். வாசித்தேன்.

உள்ளே அட்டைப் பெட்டிகள் அதிர்வது எனக்கே கேட்டது. அவர் வரவில்லை. இன்னும் கொஞ்சம் வாசித்தேன். வரவில்லை. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அரைத்தேன். விரல் எரிந்தது. சரி, போதும் என்று நிறுத்தினேன்.

நிறுத்தின மறு நொடி கதவு படாரென்று திறந்தது.

“என்னங்க? என்னங்க!”

ஓடிவந்து என் முன்னால் நின்றார். கன்னத்தில் அட்டைப் பெட்டியின் வரி பதிந்திருந்தது. பெட்டி மேல் சாய்ந்து தூங்கியிருக்கிறார். நான் யார் என்று அவருக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

“இதையே குடுங்க” என்றார். “எட்டுக் கம்பி அவருக்கு ரொம்ப நாள் ஆசை. இதைப் பாத்தா தொடுவார்.”

உறையில் வைக்கும்போது முன்பையைத் தடவிப் பார்த்து, ஹெட்ஃபோனை எடுத்து மேசை மேல் வைத்தார்.

“இது வேணாங்க. சத்தம் எனக்குக் கேக்கணும். கேட்டுக்கிட்டிருந்தா நான் கண்ணை மூடலாம்.”

தோளில் மாட்டிக்கொண்டு, சரக்கறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“உங்க கதவுல உள்தாழ்ப்பாள் இருக்கு” என்றார். “எங்க வீட்டுல எல்லாத்தையும் கழட்டிட்டேன். அவர் தனியா உள்ள தாழ் போட்டுக்கக் கூடாதுன்னு.”

தாராள மனசு என்று சிரித்த வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

வாசல் வரைக்கும் கூடப் போனேன்.

“புதுக் கம்பி சீக்கிரம் தளரும்மா. சரிபண்ணித் தரேன்” என்றேன். “அவரையே கொண்டுவரச் சொல்லுங்க.”